கழற்ற வசதியான ஷூ

1

"உங்கள் அக்கா இதை முக்கியமாக எதற்குப் பயன்படுத்துவார்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

மெல்போர்னில் எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில், ஓடுகிறவர்களுக்கென்றே இருக்கும் ஷூக்கடை அது. சனிக்கிழமை மத்தியானம். என் வலது கையில் லேஸ் வைத்த ஷூ. இடது கையில் லேஸ் இல்லாதது, காலை உள்ளே விட்டால் போதும். இரண்டும் பெண்களுக்கானவை, இரண்டின் அடியும் மெத்தென்று இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தேன். ஓடவா, நடக்கவா, நின்றபடி வேலை பார்க்கவா என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள்.

கழற்றுவதற்கு என்றுதான் வாயில் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் எங்கிருந்து ஆரம்பித்து எங்கே முடிப்பது? "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். குரல் கடுப்பாக வந்துவிட்டது போலிருக்கிறது, அவள் ஓரடி தள்ளிப்போனாள். உடன் வந்திருந்த என் மகள் இனியா, அம்மா சார்பாக மன்னிப்புக் கேட்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். பதினைந்து வயதில் அந்தச் சிரிப்பை எங்கே கற்றுக்கொண்டாளோ, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

வெளிநாட்டில் சொகுசாக இருப்பவளுக்கு ஒரு ஷூ வாங்குகிற இடத்தில் என்ன கோபம், கொழுப்புதானே என்று ஊரில் வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு நினைத்துக்கொள்ளுங்கள்.

2

என் அக்கா கலைச்செல்வி ஆண்டிமடம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பிறந்த ஊர்தான். ஊர் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

எங்கள் அப்பா அம்மாவுக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் முந்திரிக்காட்டிலும் வயலிலும் வேலை செய்து எங்களைப் படிக்கவைத்தார்கள். நான் பெரம்பலூரில் நர்ஸிங் படித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அக்கா பன்னிரண்டாவதோடு நின்று, கல்யாணமாகி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, இப்போது ஊரில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். ஒப்பந்த வேலை. வேண்டாம் என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் அடுத்த மாதம் கிடையாது. அத்தான் திருப்பூரில் இருக்கிறார், வருவதும் போவதும் அவர் இஷ்டம். அதனால் அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம்.

நானும் அவளும் பார்ப்பது கிட்டத்தட்ட ஒரே வேலை. விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பது, போடவில்லை என்றால் திட்டுவது. நான் இங்கே சேர்ந்த முதல் நாளே காலணி பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள். விரல் தெரியக்கூடாது, அடி வழுக்கக்கூடாது, குதிகால் மூடியிருக்க வேண்டும். ஒருநாள் மறந்துபோய்ச் செருப்போடு போன என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்நிய தேசத்து நிர்வாகத்துக்கு என் காலைப் பற்றி அவ்வளவு கவலை.

அக்காவுக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி இறங்குவதுபோல் இருக்கிறது என்றாள். பெரம்பலூரில் ஒரு எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, பாதத்தின் அடியில் இருக்கிற சவ்வு புண்ணாகியிருக்கிறது, மெத்தென்ற ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது, நடந்தால் ஒருநாள் நடக்கவே முடியாமல் போகும் என்று சொல்லியிருக்கிறார். நடக்க முடியாவிட்டால் அவள் வேலை அன்றோடு சரி.

பெரம்பலூரிலேயே ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறாள். "லேடீஸ்ல குஷன் எல்லாம் வராதுங்க, ஜென்ட்ஸ்ல ஆறாம் நம்பர் போட்டுப் பாருங்க" என்றார்களாம். அரியலூரில் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்துக்காட்டினார்களாம். பூப்போட்ட ஷூ, அடி பலகை மாதிரி. இதில் நடந்தால் வலிக்குமே என்று அக்கா கேட்டதற்கு, பொம்பளைங்க என்ன ஓட்டப்பந்தயமா ஓடப்போறீங்க என்று பதில் வந்திருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பவளிடம் கேட்கிற கேள்வி அது.

நான் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். பழைய காலண்டர் தாளில் பாதத்தை வைத்துக் கோடு போட்டுப் படம் அனுப்பினாள். உட்கார்ந்துகொண்டு வரைந்திருக்கிறாய், எழுந்து நின்று வரை, அதுவும் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது வரை என்று சண்டை போட்டு மறுபடி வாங்கினேன்.

முதல்முறை கடைக்குப் போனபோது, அக்காவுக்குக் கால் வலி என்று இங்கிலீஷில் 'லெக்' போட்டுச் சொல்ல, அந்தப் பெண் முழங்காலுக்கு மேலே தொட்டுக்காட்டி இங்கேயா என்றாள். தொடையிலிருந்து விரல்வரை எல்லாமே நமக்குக் கால்தான். இத்தனை வருஷம் கழித்தும் அவசரத்தில் தவறான சொல்தான் முந்திக்கொண்டு வருகிறது. இனியா குறுக்கே புகுந்து சரிசெய்தாள். அவள் பள்ளிக்கூடத்து ஓட்டக்காரி, ஷூ விஷயத்தில் எனக்கு வாத்தியார்.

அவளிடமிருந்து கற்றதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன், யாருக்காவது உதவும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம் பெண்களுக்கு முன்பாதம் அகலம், அழகாக ஒடுங்கியிருப்பதை வாங்கினால் சுண்டுவிரல் போய்விடும். அமுக்கிப் பார்த்து ரொம்ப மெத்தென்று இருப்பதில் மயங்கக்கூடாது, கொஞ்ச நாளில் அமுங்கிப்போகும். எல்லாவற்றையும்விட, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் மடியக்கூடாது. குதிகால் வலிக்காரிக்கு உயிரே அந்தப் பின்பக்கம்தான்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பினேன். சுங்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையில் அக்காவின் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பார்சலில் பின்னால் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே ஆளா என்று கேட்டு அவளை அலையவிட்டார்கள். கடைசியில் வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டினாள். "மேகத்து மேல நடக்குற மாதிரி இருக்கு பாப்பா" என்றாள். நாற்பத்தெட்டு வயதில் அவள் போட்ட முதல் ஷூ அது.

3

போன சித்திரையில் ஊருக்குப் போனேன். இனியாவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. உண்மையில் பரீட்சை இல்லாத வருஷமும் அவள் வருவதில்லை. கொசு என்பாள், வெயில் என்பாள்.

வாசலில் அந்த ஷூ கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு ஷூவிலும் பின்பக்கத்தை மிதித்து மிதித்துத் தட்டையாக்கி வைத்திருந்தாள். லேஸை உருவிப் போட்டுவிட்டாள். அத்தனை ஆராய்ந்து வாங்கிய ஷூவை வெறும் செருப்பாக்கி மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வந்த பையைக்கூட உள்ளே வைக்காமல் கத்தினேன். எங்கேயோ கிடந்து சம்பாதித்து வாங்கினதை இப்படியா பண்ணுவாய், குனிந்து ஒரு லேஸ் கட்டச் சோம்பேறித்தனமா என்றேன்.

அவள் கோபப்படவில்லை. வெயிலில் வந்திருக்கிறாய், முதலில் மோர் குடி என்றாள். வலி எப்படி இருக்கிறது என்றேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள். ஏன் இப்படி மிதித்துவைத்திருக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, "அடிக்கடி கழட்டி மாட்ட வேண்டியிருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள்.

வீடு வீடாகப் போகிறவள், ஒவ்வொரு வாசலிலும் கழற்றத்தான் வேண்டும், நியாயம்தானே என்று எனக்கும் தோன்றியது. மெல்போர்னிலும் தமிழர்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துதான் கிடக்கும். வாசலில் கழற்றுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

மறுநாள் காலையில் அவளோடு கிளம்பினேன். அவள் மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், நான் சர்க்கரை பார்க்கிற மிஷினை வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போய்வந்தவளைப்போல் என்னை வரவேற்றார்கள். அக்கா ஒவ்வொரு வாசலிலும் கழற்றினாள், மாட்டினாள். நானும் அப்படியே. என்னுடையது லேஸ் வைத்தது, ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு நேரமானது. இதற்காகத்தான் மிதித்தாளா, சரி, இதற்கென்று வேறு மாடல் இருக்கிறது, வாங்கிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

எங்கள் தெரு முடிந்து ரேஷன் கடை வரும். அதைத் தாண்டினால் மேலத்தெரு. நிலம் வைத்திருப்பவர்களின் தெரு. எங்கள் அப்பா அம்மா வேலை செய்தது அவர்கள் காட்டில்தான்.

ரேஷன் கடை மூலையில் அக்கா நின்றாள். நிற்கக்கூட இல்லை, நடந்த வாக்கிலேயே ஒரு காலை உதறினாள், மறுகாலை உதறினாள். ஷூ இரண்டும் கடைச் சுவரோரம் போய்க் கிடந்தன. வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். வீடு எதுவும் வரவில்லை. முதல் வாசலுக்கே இன்னும் தூரம் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

4

எங்கள் அம்மா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இப்போது அந்தத் தெருவில் எங்கள் பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு பைக்கில் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை, வாஸ்தவம். அக்கா கழற்றுகிறாள், அதையும் யாரும் கேட்பதில்லை.

நான் கழற்றவில்லை. என் ஷூவோடு அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன். அவள் என் காலைத் திரும்பிப் பார்த்தாள். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் எட்டு வைத்து நடந்தாள். சித்திரை வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வீட்டில் ஒரு அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அக்காவிடம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிறவர். நான் வாசலில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். அந்த அம்மா பதறிப்போய் எழுந்து வந்தார். எனக்கு நாற்காலி வந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஆஸ்திரேலியாவுல இருக்கீங்கல்ல? இருக்கட்டுங்க, ஷூவோடயே உக்காருங்க. உங்க காலு இந்த வெயிலத் தாங்குமா? கலை இங்கயே வளந்தவ, அவளுக்குப் பழக்கம்தான்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். எனக்கு 'நீங்க', என்னைவிட நாலு வயது மூத்தவளுக்கு 'அவ'. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி காலுக்கு வெயில் சுடும், இன்னொருத்தி காலுக்குப் பழக்கம். என் ஷூவுக்கு அந்தத் தெருவில் அனுமதி கிடைத்தது விசாவால். இந்த அனுமதி எனக்கு எந்த மசிருக்கு?

மிஷினை எடுத்து நீட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை அப்படி.

திரும்பும்போது ரேஷன் கடை மூலையில் அவள் ஷூவை மாட்டிக்கொண்டதும் பிடித்துக்கொண்டேன். யார் உன்னைக் கழற்றச் சொன்னது, பெயரைச் சொல், இப்போதே ஸ்டேஷனுக்குப் போவோம் என்றேன்.

"யாரும் சொல்லல பாப்பா. சொன்னாத்தான் சண்ட போடலாமே."

சொல்லாதபோது எதற்குக் கழற்றுகிறாய் என்றேன். சேர்ந்த புதிதில் செருப்போடு ஒருநாள் போனதாகச் சொன்னாள். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அடுத்த வாரம் அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்ததாம். குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், அரியலூருக்குப் போயிருக்கிறார்கள். மேலே இருக்கிற மேடம் கூப்பிட்டு, அந்தத் தெருவில் மட்டும் ஏன் ஆள் பார்க்கவில்லை, வேலை செய்ய இஷ்டமில்லையா என்று கேட்டாராம். மறுவாரம் கழற்றிவிட்டுப் போனாள். எல்லா வீடும் திறந்திருந்ததாம்.

"நீ ஊருக்குப் போயிடுவ. நாளைக்கு அவங்க விரலப் புடிச்சு ரத்தம் எடுக்கப்போறது நாந்தான். வேல போச்சுன்னா உன் ஷூவப் போட்டுக்கிட்டு நான் எங்க போறது?"

ஷூ போட்டால் வேலை போகும், போடாவிட்டால் கால் போகும், கால் போனாலும் வேலை போகும். இதைத்தான் அவள் மெத்தென்ற ஷூவின் பின்பக்கத்தை மிதித்து ஏதோ ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டிருந்தாள். நான் போன ஜோரில் சோம்பேறி என்று திட்டினேன்.

5

மெல்போர்னுக்கு வந்து சேர்ந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. எந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வேலை செய்கிற இடத்தில் காட்டினேன், பாத்திரத்தில் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிறந்தநாள் விருந்து. புதிதாகக் குடிவந்த ஒருவர், நான் அரியலூர் பக்கம் என்றதும் உற்சாகமாகிவிட்டார். அவருக்கு மீன்சுருட்டியாம். எந்த ஊர் என்றார், சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். எதற்கு, கடிதம் போடப்போகிறீர்களா என்றேன். சும்மா ஒரு ஆர்வம் என்றார். கடல் தாண்டி வந்த ஆளுக்கு என் தெருவின்மேல் என்ன ஆர்வம்? "ரேஷன் கடைக்குக் கீழப்பக்கம்" என்று அழுத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பிரியாணியைப் பற்றிப் பேசினார்.

காரில் வரும்போது இனியா, அந்த அங்கிளிடம் ஏன் அவ்வளவு கடுகடுவென்று பேசினாய் என்றாள். அவளிடம் நான் இதையெல்லாம் சொன்னதில்லை. சொல்லாமல் வளர்த்தால் அவளுக்கு இது ஒட்டாது என்று நினைத்திருந்தேன். பெரியம்மா ஷூவில் தொடங்கிச் சொன்னேன். "அது சட்டப்படி தப்புதானேம்மா? கம்ப்ளைன்ட் பண்ணலாமே" என்றாள். யார்மேல் என்றேன். கொஞ்ச தூரம் போனபின், பெரியம்மாவுக்கு லேஸ் இல்லாத ஷூ வாங்கிக்கொடுத்தால் மிதிக்காமலாவது இருப்பார்கள் இல்லையா என்றாள். அதில் காலை விட்டால் போதும், எடுத்தால் போதும், பின்பக்கமும் கெடாது.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனோம். லேஸ் இல்லாதது நல்ல ஷூதான். இலகுவாக இருந்தது. இதை வாங்கி அனுப்பினால் அக்காவின் குதிகால் ரோட்டைத் தவிர மற்ற இடங்களிலாவது பிழைக்கும். ஆனால் அதைக் கையில் பிடித்தபோது, மேலத்தெருவுக்கு ஏற்ற மாதிரி இங்கே வந்து நான் ஷூ பொறுக்குகிறேன் என்று உறைத்தது. அங்கே கழற்றவைக்கிறவர்களுக்கு இங்கிருந்து நான் வசதி செய்துகொடுக்கிறேன். லேஸ் வைத்ததை வாங்கினாலோ அதை மிதித்துக் கெடுக்கத்தான் போகிறாள். எதை எடுத்தாலும் தோற்றது நான்தான். அந்த எரிச்சலில்தான் அந்தப் பெண்ணிடம் கடுத்துப் பேசினேன்.

பெரியம்மாவையே கேட்டுவிடலாமே என்று இனியா போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெந்நீர் வாளியில் காலை விட்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லையா என்றேன். இன்று எங்கள் தெரு மட்டும்தான், முடித்துவிட்டேன் என்றாள். முகம் என்னவோபோல் இருந்தது. கேட்டதும் சாதாரணமாகச் சொன்னாள்.

போன வியாழக்கிழமை மேலத்தெருவுக்கு ஷூவோடு போய்விட்டாளாம்.

தைரியமா, ரோஷமா என்று நான் பரபரத்தேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். "மூலையில கழட்டிட்டு ரோட்டுல கால வச்சேன். சுரீர்னு உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. கண்ணுல தண்ணி வந்துட்டு. அந்த அம்மா சொன்னாங்க பாரு, பழக்கம்னு. அது நெனப்பு வந்துச்சு. திரும்ப மாட்டிக்கிட்டு நடந்துட்டேன்."

என்ன சொன்னார்கள் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை, பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று போனேன் என்றாள். சில வீட்டில் எப்போதும்போல் விரலை நீட்டினார்களாம். அந்த அம்மா மட்டும் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே, வேலையாக இருக்கிறேன், இன்றைக்கு வேண்டாம் என்றாராம். மாத்திரையை வாசல் படியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். "எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டி போகட்டும். சக்கர ஏறப்போறது அவங்களுக்குத்தான."

மேடத்துக்கு அன்றைக்கே போன் போய்விட்டது. அவர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். டாக்டர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், வீட்டு வாசலில் கழற்றுகிறேன், தெருவில் கழற்ற மாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம் என்று வைத்துவிட்டாராம் மேடம். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாது. வரும் வியாழக்கிழமை மறுபடியும் அந்தத் தெருதான்.

கடைக்காரப் பெண் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இனியா போனைத் திருப்பி இரண்டு ஷூவையும் பெரியம்மாவுக்குக் காட்டினாள். லேஸ் இல்லாததைக் காட்டி, இது மாட்ட ஈஸி, கழற்ற ஈஸி என்று தன் தமிழில் விளக்கினாள்.

"அது வாண்டாம் சாமி" என்றாள் அக்கா. "லேஸ் வச்சதே வாங்கச் சொல்லு. நல்லா இறுக்கிக் கட்டுற மாதிரி. பழசு மிதிச்சு மிதிச்சு லூசாயிட்டு, நடக்கும்போதே கழண்டு வுழுது. அந்தத் தெருவுல போறப்ப அது தானா கழண்டாலும், நாந்தான் கழட்டுனேன்னு நெனச்சுக்குவாங்க."